நூலில் பின்னிய மார்பகம்: அணிந்து பார்த்து எழுதுகிறேன்

இது ஒரு பொருளைப் பற்றிய மதிப்புரை. பருத்தி நூலில் கையால் பின்னி, உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த செயற்கை மார்பகம். 'நிட்டட் நாக்கர்' என்று அதற்குப் பெயர். புற்றுநோயால் மார்பை எடுத்த பெண்களுக்குத் தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகவே கொடுக்கிறார்கள். எனக்கு இடது பக்கம் ஆபரேஷன் ஆகி, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை காலமும் என் உடம்போடு இருந்த பொருள் இது. சிலிக்கானில் செய்ததையும் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறேன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடியும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த மாத்திரை எப்போது, மறுபடி எப்போது வரவேண்டும் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே கிளம்பும்போது ஜாக்கெட்டுக்குள் என்ன வைத்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னவர்கள் என் ரயில் தோழிகள்தான்.

அவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தாம்பரம் பீச் லைனில் காலை வண்டியில், லேடீஸ் கம்பார்ட்மெண்டில், பல வருடமாக ஒன்றாகப் போய்வருகிற கூட்டம் நாங்கள். நான் குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். பல்லாவரத்தில் ஏறுகிறவள் கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் சூப்பர்வைசர். சானடோரியத்தில் ஏறும் அக்கா பாரிமுனையில் பேங்க்கில் இருக்கிறார். உட்கார இடம் கிடைத்ததும் பையிலிருந்து குரோஷா ஊசியை எடுத்துவிடுவார். பரங்கிமலைக்காரி ஸ்டாஃப் நர்ஸ், பார்க் ஸ்டேஷனில் இறங்குவாள். எங்கள் பெயரெல்லாம் போடாதே என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஸ்டேஷன் பெயராலேயே சொல்கிறேன்.

பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று நான் முதலில் சொன்னது இவர்களிடம்தான். பரங்கிமலை ரிப்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, என்ன அர்த்தம் என்று கிண்டி வருவதற்குள் சொல்லி முடித்தாள். பல்லாவரம் அன்று கிண்டியில் இறங்கவில்லை. எழும்பூர் வரை என்னோடு வந்து, என் ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

நூல் மார்பகம் வருவதற்கு முன்னால், முதல் சில வாரங்களுக்கு வேறு சில பொருட்கள் வேண்டும். அவற்றையும் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது, ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்ணுக்கு முதலில் வேண்டியது மார்பகம் அல்ல, கையைத் தூக்காமல் மாட்டக்கூடிய உடுப்பு.

"அக்கா, தலை வழியா போடற எதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வராதீங்க" என்று பரங்கிமலை முன்பே சொல்லியிருந்தாள். ரங்கநாதன் தெருவில் ஃபீடிங் நைட்டி என்று ஜிப் வைத்து விற்கிறார்கள். முன்பக்கம் திறக்கிறது, போதும் என்று நிறையப் பேர் அதை வாங்கிவிடுகிறார்கள். போதாது. ஜிப் மார்பு வரைதான் இருக்கும், நைட்டியை எப்படியும் தலை வழியாகத்தான் மாட்ட வேண்டும். மார்போடு சேர்த்து அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால் அந்தக் கை தோளுக்கு மேல் எழும்ப நாளாகும். வேண்டியது கழுத்திலிருந்து பாதம் வரை முழுக்கத் திறக்கும் நைட்டி. பல்லாவரம் என்னிடம் இருந்த பழைய காட்டன் நைட்டிகளை வாங்கிப் போய், நடுவில் நேராக வெட்டி, பட்டி வைத்து, பெரிய பட்டன் தைத்துக் கொண்டுவந்தாள். சின்ன பட்டன் வேண்டாம், ஒரு கையால் போட வராது. பிரஸ் பட்டனும் வேண்டாம், அமுக்கும்போது நெஞ்சில் அழுத்தும். இடது கைக்குழியை இரண்டு விரல் அகலம் கூட்டி வைத்திருந்தாள். கட்டோடு கை உள்ளே போக அது எவ்வளவு உதவியது என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடையில் இப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்த டெய்லரிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை.

அடுத்தது டியூபுக்கான பை. காயத்துக்குள் சேரும் நீரை வெளியே எடுக்க, அக்குளுக்குக் கீழே தோலைத் துளைத்து டியூப் வைத்து அனுப்புவார்கள். அதன் முனையில் மடிப்பு மடிப்பான ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால், விரியும்போது உள்ளே இருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். தினமும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் டியூபை எடுத்துவிடலாம் என்பது பொதுவாக டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதுவரை அந்த டப்பா நம்மோடுதான், பாத்ரூமுக்கும் படுக்கைக்கும். வார்டில் நிறையப் பேர் அதைக் கேரி பேக்கில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கை அசந்தால் டியூப் இழுபடும், அந்த வலி உயிர் போகும்.

பல்லாவரம் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து ஒரு சுருக்குப்பை தைத்தாள். இரண்டு டியூபுக்கும் தனித்தனி அறை. பட்டை நீளமாக, ஆபரேஷன் ஆகாத வலது தோளில் மாட்டி இடுப்புக்குக் குறுக்காக வரும்படி. பட்டை அகலமாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு அப்படியே வைத்தாள். மெல்லிய நாடாவாக இருந்தால் தோளை அறுக்கும். குளிக்கும்போது துணிப்பை நனையும் என்பதால், ஆபீஸ் ஐடி கார்டு டேப்பைக் கழுத்தில் மாட்டி, அதன் கொக்கியில் டப்பாவை மாட்டிக்கொண்டேன். இது பரங்கிமலையின் யோசனை, அருமையான யோசனை. இடுப்புக்குக் கீழே உடம்பு துடைத்துக்கொள்ள இரண்டு கையும் காலியாகக் கிடைத்தது.

பகலில் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமியாருக்கு டியூபைப் பார்த்தாலே தலை சுற்றும், வயதானவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பரங்கிமலையில் இறங்க வேண்டியவள் டியூட்டி முடிந்து குரோம்பேட்டை வரை வருவாள். கையைக் கழுவிவிட்டு, டப்பாவைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நிறம் எப்படி இருக்கிறது என்று சொல்லி, காலண்டர் தாளின் பின்னால் எழுதுவாள். சிவப்பு, அப்புறம் வெளிர் சிவப்பு, அப்புறம் வைக்கோல் நிறம். அவள் வராத நாளில் பல்லாவரம் வந்தாள், வீடியோ காலில் பரங்கிமலை சொல்லச் சொல்ல அவள் செய்தாள். சானடோரியம் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தூக்கில் ரசமும் ஒரு தூக்கில் பருப்புத் துவையலும் கொண்டுவருவார், மாமியாரோடு உட்கார்ந்து சீரியல் கதை பேசுவார். எனக்குச் செய்ததைவிட அந்தக் கிழவிக்கு அவர் செய்ததுதான் பெரிது என்று நினைக்கிறேன். மருமகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துபோயிருந்தவரிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தது.

அக்குளுக்கு ஒரு சின்னத் தலையணையும் வேண்டும். அரையடி நீளம் போதும், இலவம் பஞ்சு அடைத்தது. கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் தையலில் கை உரசாது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது ஜிஎஸ்டி ரோட்டுப் பள்ளங்களில் என்னைக் காப்பாற்றியது அதுதான். நுரைத் தலையணை வேண்டாம், சூடேறும்.

சரி, இப்போது நூல் மார்பகத்துக்கு வருகிறேன்.

டியூப் எடுத்தபின் வெளியே போகலாம் என்றார்கள். என்னால் முடியவில்லை. வலியால் அல்ல. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. புடவைத் தலைப்பு இடது தோளில்தான் போகும் என்பதால் கொஞ்சம் மறைக்கும் என்று நினைத்தேன். மறைக்கவில்லை, தலைப்பு அந்தப் பக்கம் பள்ளத்தில் போய் விழுந்தது. கைக்குட்டையை மடித்து வைத்தேன், மேலேறிக் கழுத்துக்கு வந்தது. மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தாலும் துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு போனேன்.

சானடோரியம் அக்காதான் தேடிக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பார்பரா டெமாரெஸ்ட் என்ற பெண்மணி 2011-ல் மார்பக ஆபரேஷன் செய்துகொண்டவர். தழும்பின் மேல் கனமாக எதையும் வைக்க முடியாத நிலையில், டாக்டர் நூலில் பின்னியதைப் பற்றிச் சொல்ல, அவருடைய தோழி ஒருவர் பின்னிக் கொடுத்திருக்கிறார். அது அவ்வளவு நன்றாக இருந்ததால், மற்றப் பெண்களுக்கும் இலவசமாகப் பின்னிக் கொடுக்க ஒரு அமைப்பைத் தொடங்கி, பின்னும் முறையையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டார். இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் இதே வேலையைச் செய்கிறது. அக்கா அவர்களுக்கு எழுதிக் கேட்டார். என்ன அளவு என்று கேட்டார்கள், பழைய பிரா அளவைச் சொன்னோம். காசு வாங்கவில்லை.

பார்சலைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது கனமின்மை. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. மாநிறத்தில் பருத்தி நூல். நடுவில் காம்பு இருக்கும் இடத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே பின்னிக்கொண்டு போயிருக்கிறார்கள். தையல் விளிம்பு கிடையாது, அதனால் உறுத்த எதுவும் இல்லை. பின்பக்கம் தட்டை. அதன் நடுவில் நூலை இழுத்துச் சுருக்கி முடிந்திருக்கிறது. அந்த முடிச்சைத் தளர்த்தினால் பஞ்சை எடுக்கலாம், சேர்க்கலாம். சானடோரியம் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரிசையாக எண்ணினார். பின்னல் எவ்வளவு நெருக்கம் பாரு, பஞ்சு ஒரு இழைகூட வெளியே வராது என்றார். எத்தனையோ டேபிள் கிளாத், பேரக்குழந்தைகளுக்குக் குல்லாய் என்று பின்னியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதைப் பின்னியவர் யாரோ, எந்த ஊரோ. என்னை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவர் இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார் என்பது அன்று எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, இன்றும் அப்படித்தான்.

தையல் பிரித்து, காயம் மூடியபின், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். நீங்களும் கேட்டுவிட்டுப் போடுங்கள். டியூப் எடுத்தபிறகும் சிலருக்கு உள்ளே நீர் சேரும், ஊசி போட்டு எடுப்பார்கள். எனக்கும் எடுத்தார்கள். அந்த நேரத்தில் எதையும் அழுத்தி வைக்கக் கூடாது.

முதல் சோதனை தழும்பு. ஆபரேஷனுக்குப் பின் அந்த இடத்தில் சில பகுதி மரத்துப் போயிருக்கும், சில பகுதியில் துணி பட்டாலே எரியும். மேல்கையின் உட்புறமும் அப்படித்தான், தொட்டால் தெரியாது, ஆனால் உள்ளே ஊசி குத்தும். நூல் மார்பகம் அந்த எரிச்சலைக் கிளப்பவில்லை. நைலான் பிராவின் ஓரம் கிளப்பியது. ஆகவே பிராவும் பருத்தியாக, கம்பி வைக்காததாக, அகலமான பட்டையோடு இருக்க வேண்டும். இதற்கென்றே பை வைத்த பிரா விற்கிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பிராவிலேயே செய்துகொள்ளலாம். பல்லாவரம் செய்தது இப்படி: பிரா கப்பின் உட்புறம் அதே வடிவத்தில் மெல்லிய மல் துணியை வெட்டி, மேலும் கீழும் தைத்து, அக்குள் பக்கம் மட்டும் திறப்பு விட்டாள். நூல் மார்பகத்தை அந்தத் திறப்பு வழியாகச் செருகிவிடலாம். துணி தழும்பைத் தொடும், நூல் தொடாது. வியர்வையும் முதலில் துணியில்தான் இறங்கும்.

இரண்டாவது சோதனை ரயில். வேலைக்குத் திரும்பிய அன்று காலை வண்டியில் வழக்கமான கூட்டம். மூவரும் பேசி வைத்தபடி எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் போட்டிருந்தார்கள், இடது பக்கம் சுவர் வரும்படி. யாரும் இடிக்க முடியாது. மாம்பலத்தில் ஒரு பெரிய கூட்டம் ஏறியது. எதிரே நின்றிருந்தவர்கள் யாரும் என் நெஞ்சைப் பார்க்கவில்லை, இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கவும் இல்லை. நூல் மார்பகம் அதன் வேலையைச் செய்துவிட்டது. எழும்பூரில் எழுந்தபோது அது இருந்த இடத்திலேயே இருந்தது.

குறையும் உண்டு, முக்கியமான குறை. எடை இல்லாததால் பிரா மேலே ஏறும். உட்கார்ந்திருக்கும்வரை சரி. மாடி ஏறினால், கையை ஆட்டி நடந்தால், சாயங்காலத்துக்குள் இடது பக்கம் வலதைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும். அதற்குச் செய்தது: ஒரு சின்னத் துணி முடிச்சில் கண்ணாடிப் பாசிமணியைக் கட்டி, நூல் மார்பகத்தின் பின்பக்கத் திறப்பு வழியாக அடிப்பகுதியில் வைத்து, சுற்றிலும் பஞ்சை அமுக்கிவிட்டோம். பாசிமணி துவைத்தாலும் கெடாது. அரிசி, பயறு எல்லாம் வைக்காதீர்கள், வியர்வையில் ஊறிப்போகும். முடிச்சு வைத்தபின் மேலேறுவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. பெரிய மார்பு உள்ளவர்களுக்கு இந்தக் குறை இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

பஞ்சைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது கீமோ காலத்தில்தான் எவ்வளவு பெரிய வசதி என்று புரிந்தது. ஒரு சமயம் சாப்பாடு இறங்காமல் இளைத்தேன், அப்புறம் ஸ்டீராய்டில் ஊதினேன். வலது பக்கம் மாற மாற, இடது பக்கத்தில் ஒரு பிடி பஞ்சை எடுத்தோ வைத்தோ சமன்படுத்திக்கொண்டேன். சிலிக்கானில் இது நடக்காது, வேறு அளவு வாங்க வேண்டியதுதான்.

ரேடியேஷன் காலத்திலும் நூல்தான் கைகொடுத்தது. தோல் சிவந்து, கறுத்து, அக்குள் மடிப்பில் உரியத் தொடங்கியது. அப்போது வீட்டில் ஒன்றும் போடாமல் தளர்வான நைட்டியோடு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நேரத்துக்கு மட்டும், பஞ்சைப் பாதியாகக் குறைத்து, இறுக்கமில்லாத காட்டன் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தொல்லை, ரேடியேஷன் கொடுக்கும் இடத்தைக் குறிக்க மார்பில் அவர்கள் போடும் மார்க் மை. நூலில் ஊதாக் கறை பட்டுவிட்டது, போகவே இல்லை. அந்தக் காலத்துக்கென்று பழையது ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

துவைப்பது சுலபம். சாதாரண சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் சுற்றி அமுக்கி, நிழலில் போட வேண்டும். மே மாதம் ஒரு மத்தியானத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுநாளும் உள்ளே ஈரம் இருக்கும், வாடை வரும். பஞ்சை வெளியே எடுத்துத் தனியாகக் காயவைத்தால் வாடை இல்லை. அதனால் ஒன்று போதாது. சானடோரியம் அக்கா பார்சலில் வந்த மார்பகத்தைப் பார்த்து, முறையை இணையத்தில் எடுத்து, ரயிலிலேயே இன்னொன்று பின்னிக் கொடுத்தார். காலை வண்டியில் எதிர் சீட்டில் இருந்த காலேஜ் பெண், ஆன்ட்டி குல்லாயா என்று கேட்டாள். அக்கா ஊசியை நிறுத்தாமல், இல்லைம்மா, மார்பு என்றார். அப்புறம் எதற்கு, யாருக்கு, எப்படி என்று அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொன்னார். கம்பார்ட்மெண்டில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள், எங்கள் கூட்டத்தில் இல்லாத ஒரு அம்மா வந்து, என் தங்கைக்கும் எடுத்துட்டாங்க, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

சிலிக்கான் விஷயத்துக்கு வருகிறேன். கனமானதை வழக்கமாக ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, காயம் நன்றாக ஆறியபின்தான் போடச் சொல்வார்கள். ரேடியேஷன் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதலில் போன சர்ஜிகல் கடையில் கவுன்டரில் இருந்த ஆண், சக்கர நாற்காலி கேட்டு வந்தவர்கள் நடுவில், எந்தப் பக்கம், என்ன சைஸ் என்று சத்தமாகக் கேட்டார். போட்டுப் பார்க்க இடம் இல்லை. இருந்ததே ஒரு அளவு. சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் ஒரு திரை கட்டி, ஒரு பெண்ணை வேலைக்கு வைக்க முடியாதா என்று பல்லாவரம் அந்தக் கடையிலேயே கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம். அடுத்து போன கடையில் ஒரு பெண்மணி இருந்தார். கதவைச் சாத்தி, டேப் வைத்து அளந்து, மூன்று அளவு போட்டுக் காட்டி, புடவையோடு நடந்து பார்க்கச் சொல்லி, பின்னால் நின்று தோள் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். விலை 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. சிலிக்கானில் இதைவிடக் குறைவாகவும் உண்டு, பல மடங்கு அதிகமாகவும் உண்டு.

சிலிக்கானின் பலம் அதன் எடையும் அசைவும். நடக்கும்போது மறுபக்கத்தோடு சேர்ந்து அசைகிறது, பிரா மேலேறுவதே இல்லை. ஒரு பக்கம் கனம் இல்லாமல் இருந்தால் நம்மை அறியாமல் தோள் தூக்கிக்கொள்ளும், கழுத்து வலிக்கும். சிலிக்கான் போட்டபின் எனக்கு அந்த வலி குறைந்தது. கல்யாணம், கோயில், பட்டுப்புடவை என்று வரும்போது வடிவம் கச்சிதம்.

பலவீனம் சென்னை வெயில். ஏப்ரல் பிறந்தால் அதன் பின்னால் வியர்வை தேங்கி, தோல் நமநமவென்று அரிக்கும். மத்தியானம் ஆபீஸ் பாத்ரூமில் எடுத்துத் துடைத்துப் போட வேண்டியிருந்தது. தினமும் இரவு கழுவித் துடைத்து அதன் பெட்டியில் வைக்க வேண்டும். இன்னொன்று, புடவை கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தலைப்புக்கு ஊக்கு குத்துவதும் இடது பக்கம்தான். ஊக்கு நுனி பட்டால் மேலுறை கிழிந்து உள்ளே உள்ளது கசியும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். நூலுக்கு அந்தப் பயம் இல்லை.

எனவே என் கணக்கு இது. ஆபரேஷன் முடிந்து முதல் வருடத்துக்கு, அதாவது காயம், கீமோ, ரேடியேஷன், உடம்பு ஏறி இறங்குவது எல்லாம் இருக்கும் காலத்துக்கு, நூல் மார்பகம்தான் சரி, காசு இருந்தாலும் சரி. அதன்பின் இரண்டும் வைத்துக்கொள்ளலாம். நான் வேலை நாளில் நூலும், விசேஷ நாளில் சிலிக்கானும் போடுகிறேன். அக்குள் கணுக்களை எடுத்ததால் கை வீக்கம் உள்ளவர்கள் எடையுள்ளதைப் போட்டால் பிரா பட்டை தோளில் அழுந்துகிறதா என்று தங்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட வேண்டும். எனக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை உள்ளே கயிறு கட்டி இழுப்பது போல ஒன்று வந்தது, பயிற்சியில் சரியானது. சுவரில் விரலால் மேலே மேலே ஏறும் பயிற்சி. பரங்கிமலை அதற்கு ஒரு தேர்வு வைத்திருந்தாள்: ரயிலில் மேலே தொங்கும் கைப்பிடியை இடது கையால் பிடிக்க வேண்டும். முதலில் சீட்டின் முதுகைப் பிடித்தேன், அப்புறம் நடுக் கம்பியை. கைப்பிடி கைக்கு வந்த அன்று சைதாப்பேட்டையில் ஏறியவர்கள் எதற்கு இத்தனை கைத்தட்டல் என்று பார்த்தார்கள்.

ஆபரேஷன் தேதி குறித்தவுடனேயே நூல் மார்பகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காத்திருந்து வாங்கினால் மிகவும் தேவைப்படும் வாரங்கள் போய்விடும். உங்களுக்கு இல்லையென்றால், ஆபரேஷன் ஆகப்போகும் தோழிக்காக நீங்கள் கேளுங்கள். அந்த நேரத்தில் அவளால் இதையெல்லாம் தேட முடியாது. பின்னத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மென்மையான பருத்தி நூலில் பின்னச் சொல்லலாம், கம்பளி வேண்டாம், நம் ஊருக்கு ஆகாது. அளவு கேட்டால் ஆபரேஷனுக்கு முன் போட்ட பிராவின் அளவைச் சொல்லுங்கள். இடதா வலதா என்பது பிரச்சினையே இல்லை, வட்டமாகப் பின்னியது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.